டோனட்டுக்கு முகம் வைத்தல்: ஓவனும் வேண்டாம், ஓவியமும் வேண்டாம்

டோனட்டை இனிப்பு போட்ட மெதுவடை என்றே வைத்துக்கொள்ளலாம். நடுவில் ஓட்டை இருப்பதற்கு இரண்டிலும் ஒரே காரணம்தான்: எண்ணெயில் விழுந்ததும் நடுப்பாகம் மாவாக நின்றுவிடாமல் எல்லாப் பக்கமும் ஒன்றாக வேக வேண்டும். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு விலங்கு முகம் வைத்த டோனட் செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் மறந்துபோவது இந்த ஓட்டையைத்தான். கண், காது, மீசை எல்லாம் வைத்து முடித்தபின் நடுவில் எதற்கென்றே தெரியாமல் ஒரு குழி நிற்கும். பாண்டாவும் பூனையும் ஒரே ஜாடையில் இருக்கும்.

ஆகவே முதல் முடிவு ஓட்டையைப் பற்றியது. அது ஒன்று திறந்த வாயாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மூக்கும் வாயும் சேர்ந்த மோவாய்க்கட்டுக்கு அடியில் மறைய வேண்டும். தவளைக்கும் பாண்டாவுக்கும் திறந்த வாய் பொருந்தும். மாடு, சிங்கம், கரடி மூன்றுக்கும் ஓட்டையை மூட ஒரு வட்ட வில்லை தேவை. இதைத் தீர்மானித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதிப் பாதி சூடும் ஈரமும் சம்பந்தப்பட்டது. வரையத் தெரியுமா என்ற கேள்விக்கு இதில் இடமே இல்லை. இங்கே யாரும் வரையப்போவதில்லை, முன்கூட்டிச் செய்த துண்டுகளை ஒட்டப்போகிறோம்.

ஜப்பானில் இப்படிப்பட்ட விலங்கு டோனட்டுகளுக்கென்றே கடைகள் உண்டு. அங்கே பாதாம் பருப்பைக் காதாகச் செருகுவார்கள். நம் சமையலறையில் பாதாமோடு முந்திரியும் இருக்கிறது. முந்திரியின் வளைவைப் பார்த்தால் அது மாட்டுக் கொம்பு என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

எந்த டோனட்

பேக்கரிகளில் கிடைப்பது பெரும்பாலும் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்துப் பொரித்தது. பஞ்சு மாதிரி இருக்கும், தூக்கினால் எடையே தெரியாது. பேக்கிங் பவுடர் போட்ட கேக் டோனட் இன்னொரு வகை. அடர்த்தியாக, மேல்பக்கம் ஓரளவு தட்டையாக இருக்கும். முகம் வைக்க இரண்டாவதே நல்லது. காது செருகக் கத்தியால் கீறினால் ஈஸ்ட் டோனட் அமுங்கிப்போகும், கேக் டோனட் அப்படியே நிற்கும். கிடைப்பது ஈஸ்ட் வகைதான் என்றாலும் பரவாயில்லை. கனமான காதுகளைத் தவிர்த்து, துண்டுகளை மேலே ஒட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடையில் முதல் நாளே சொல்லிவையுங்கள்: மேலே சர்க்கரை தூவ வேண்டாம், கிளேஸ் (சர்க்கரைப் பாகுப் பூச்சு) ஊற்ற வேண்டாம், எல்லாம் ஒரே அளவு, விட்டம் 8 சென்டிமீட்டர் சுமார். சர்க்கரை தூவியதை வாங்கிவந்து தட்டிவிட்டு முக்கினால், மிச்சம் ஒட்டியிருக்கும் தூளின் மேல்தான் சாக்லேட் படியும். ஆறியதும் ஓடு கழல்கிற மாதிரி முழுசாகக் கழன்று வரும். முட்டை சேராதது வேண்டுமென்றால் அதையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது. விழா அன்று காலையில் வாங்குங்கள். முந்தின நாளே வாங்கி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். மாவுப் பண்டங்கள் வெளியில் இருப்பதைவிட ஃபிரிட்ஜில்தான் சீக்கிரம் விறைக்கும், ஸ்டார்ச்சின் குணம் அது.

வீட்டுக்கு வந்ததும் டிஷ்யூ பேப்பரை மேலே வைத்து மெல்ல ஒற்றி எண்ணெயை எடுக்க வேண்டும். செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை உணவில் ஏறும். எண்ணெய்ப் பிசுக்கு மேல் எந்தப் பூச்சும் நிற்காது. பன்னிரண்டு டோனட்டுக்கு இந்த வேலை ஐந்து நிமிடம். சோம்பல்பட்டு விட்டுவிடுகிறவர்கள்தான் பிறகு கண்கள் வழுக்கிக் கன்னத்துக்கு வந்துவிட்டன என்று வருத்தப்படுவார்கள்.

ஊரில் டோனட்டே கிடைக்காது என்றால் பிஸ்கட்டில் செய்யலாம். இதற்கு அடுப்பு, எண்ணெய், முட்டை எதுவும் வேண்டாம். 200 கிராம் மேரி பிஸ்கட்டை மிக்ஸியில் ரவைப் பதத்துக்குப் பொடித்து, 2 மேசைக்கரண்டி கோகோ பவுடர், 30 கிராம் உருக்கிய வெண்ணெய், 130 கிராம் கண்டென்ஸ்டு மில்க் சேர்த்துப் பிசைந்து 15 நிமிடம் மூடிவையுங்கள். முதலில் கையில் ஒட்டும். பிஸ்கட் ஈரத்தை இழுத்துக்கொண்டதும் கொழுக்கட்டை மாவு மாதிரி ஆகிவிடும். உருட்டும்போது ஓரம் வெடித்தால் இன்னும் ஒரு மேசைக்கரண்டி கண்டென்ஸ்டு மில்க் கொடுங்கள், பால் ஊற்றாதீர்கள். பால் சேர்ந்தால் சீக்கிரம் கெட்டுப்போகும். 38 கிராம் அளவுக்கு உருண்டை பிடித்துத் தட்டி, நடுவில் தண்ணீர் பாட்டில் மூடியால் அழுத்தி எடுத்தால் பத்து வளையம் வரும். அரை மணி ஃபிரிட்ஜில் வைத்து இறுகியதும் எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்தபிறகுதான் பூச்சுக்குப் போக வேண்டும். இது டோனட் அல்ல, டோனட் வேஷம் போட்ட பிஸ்கட் லட்டு என்று யாராவது சொல்லலாம்; சொல்லட்டும். அளவில் சிறியது, ஒரு பிள்ளை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடிக்கும். கெட்டியாக இருப்பதால் காதும் கொம்பும் இதில்தான் திடமாக நிற்கும்.

பூச்சு

கேக் சாமான் கடையில் பலகைப் பலகையாக விற்கும் காம்பவுண்டு சாக்லேட்தான் இதற்குச் சரி. நிஜ சாக்லேட்டில் இருப்பது கோகோ வெண்ணெய். அதை உருக்கி, ஆற்றி, டார்க் (கறுப்புச் சாக்லேட்) என்றால் 31, 32 டிகிரியில் பிடித்து நிறுத்தினால்தான் பளபளப்பாக இறுகும். மே மாதத்து மதியத்தில் அறையே அதைவிடச் சூடாக இருக்கிற ஊரில் இது நடக்கிற காரியமில்லை. காம்பவுண்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு. உருக்கினால் உருகும், ஆறினால் இறுகும், அவ்வளவுதான். ருசியில் ஒரு படி கீழே என்பது உண்மை. ஆனால் ஆறு வயதுப் பிள்ளை பாண்டாவின் காதைக் கடிக்கும்போது கோகோ வெண்ணெயின் வாசத்தைத் தேடாது.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. காம்பவுண்டு குறைந்துவிட்டதே என்று வீட்டிலிருக்கும் தின்கிற சாக்லேட் பாரை அதோடு போட்டு உருக்காதீர்கள். இரண்டு கொழுப்பும் ஒத்துப்போகாது. கலவை சரியாக இறுகாமல் மெத்தென்று நிற்கும், பிறகு மேலே சாம்பல் பூத்ததுபோல் வெள்ளை படரும்.

பன்னிரண்டு டோனட்டுக்கு (நான்கு பாண்டா, நான்கு மாடு, நான்கு சிங்கம் என்று வைத்துக்கொள்வோம்) வெள்ளைக் காம்பவுண்டு 400 கிராம், டார்க் 150 கிராம் போதும். ஒரு டோனட்டின் மேல்பக்கம் 20 கிராம் சுமார் பிடிக்கும். கணக்குப்படி 240 கிராம்தானே என்று தோன்றலாம். முக்குவதற்கு ஆழம் வேண்டும், கண், காது, வில்லை எல்லாவற்றுக்கும் வேண்டும், அதனால்தான் கூடுதல்.

முக்குவதற்கு ஏற்ற பாத்திரம் வீட்டிலேயே இருக்கிறது: பெரிய காபி டபரா. 8 சென்டிமீட்டர் டோனட் அதில் இடிக்காமல் இறங்கும், 200 கிராம் ஊற்றினால் 2 சென்டிமீட்டர் ஆழம் நிற்கும். அகலமான கிண்ணத்தில் ஊற்றினால் அதே 200 கிராம் அடியில் பரவிக் கிடக்கும், டோனட்டின் மேடு மட்டும் நனைந்து ஓரம் மொட்டையாக நிற்கும். எவர்சில்வர் டபராவை மைக்ரோவேவில் வைக்கக்கூடாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கண்ணாடிக் கிண்ணத்தில் உருக்கிவிட்டு டபராவுக்கு மாற்றுங்கள்.

மைக்ரோவேவில் பாதி பவரில் 30 விநாடி, வெளியே எடுத்துக் கிளறல், மறுபடி 15 விநாடி, கிளறல். கடைசிக் கட்டிகள் தானாகக் கரையட்டும். கிளறக் கிளற உள்சூடே கரைத்துவிடும். வெள்ளையில் பால்பொடி இருப்பதால் சீக்கிரம் அடிபிடிக்கும். அளவுக்கு மீறிச் சூடானால் இளகுவதற்குப் பதில் கூழாகத் தடிக்கும். 40 முதல் 45 டிகிரி போதும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் ஒரு சொட்டை மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு தெரிந்தால் சரி, சுரீரென்றால் காத்திருங்கள்.

மைக்ரோவேவ் இல்லையென்றால் கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, அதன்மேல் கிண்ணத்தை வைக்கலாம். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது. கிண்ணம் பாத்திரத்தின் வாயைவிடப் பெரிதாக இருந்தால் ஆவி மேலே ஏறி உள்ளே விழாது. ஆவிதான் இந்த வேலையில் பரம எதிரி. உருகிய சாக்லேட் என்பது கொழுப்புக்குள் மிதக்கும் சர்க்கரைத் துகள்களும் பால் துகள்களும். அதில் நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் துகள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பால் திரிந்த மாதிரி கணநேரத்தில் மணல் மணலாகக் கட்டிதட்டிவிடும். ஈரக் கரண்டி, சரியாகத் துடைக்காத டபரா, ஈரக் கை, எது வேண்டுமானாலும் காரணமாகலாம். கட்டிதட்டியதை முக்குவதற்குத் திருப்ப முடியாது. தூக்கி எறியவும் வேண்டாம். 100 கிராமுக்கு 3 மேசைக்கரண்டி சூடான பால் ஊற்றி விடாமல் கிளறினால் வழவழப்பான குழம்பாகிவிடும். ரொட்டியில் தடவவோ, கேக்கின் நடுவில் வைக்கவோ ஆகும்.

பதம் பஜ்ஜி மாவுக்குக் கொஞ்சம் இளசாக இருக்க வேண்டும். கரண்டியிலிருந்து ரிப்பன் போல விழுந்து, விழுந்த தடம் ஐந்து விநாடியில் மறைய வேண்டும். தடம் மறையவில்லையென்றால் 100 கிராமுக்கு அரைத் தேக்கரண்டி வாசனையில்லாத ரீஃபைண்ட் எண்ணெய். அதற்கு மேல் போகாதீர்கள். தேங்காய் எண்ணெய் ஊற்றச் சொல்லும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அங்கே அது கட்டியாக உறையும். இங்கே 24 டிகிரிக்கு மேல் அது உருகியே கிடப்பதால், பூச்சும் விரல் பட்டால் ஒட்டுகிற மெழுகாகவே நிற்கும்.

நிறம்

கேசரிக்குப் போடும் திரவக் கலரை இதில் ஊற்றினால் என்ன ஆகும் என்று இப்போது ஊகித்திருப்பீர்கள். அது தண்ணீர், ஆகவே கட்டிதட்டும். ஜெல் கலரும் அப்படியே. சாக்லேட்டுக்கென்று விற்கும் எண்ணெய்க் கலர்தான் கலக்கும். 100 கிராமுக்குத் தேக்கரண்டியில் எட்டில் ஒரு பங்கு போட்டுக் கலந்து பத்து நிமிடம் விட்டுப் பார்த்தால் நிறம் இன்னும் ஏறியிருக்கும். அவசரப்பட்டு மறுபடி ஊற்றிவிடுகிறவர்களே அதிகம்.

வெள்ளைக் காம்பவுண்டு உண்மையில் வெள்ளையல்ல, இளமஞ்சள். நீலம் போட்டால் பச்சைக்குச் சாயும். கறுப்பு, கருஞ்சிவப்பு இரண்டும் வெள்ளையிலிருந்து வரவே வராது. வரவழைக்கப் பாட்டிலில் பாதி போக வேண்டும், பிறகு கசக்கும், பிள்ளைகளின் நாக்கும் கறுத்துப்போகும். கறுப்புக்கு டார்க் காம்பவுண்டு இருக்கிறது. சிவப்பு தேவைப்படும் முகத்தையே தேர்ந்தெடுக்காமல் இருப்பது புத்திசாலித்தனம். மொத்த விழாவுக்கும் மஞ்சள் ஒன்று, இளஞ்சிவப்பு ஒன்று, இரண்டு கலர் பாட்டில் போதும்.

உதிரியாக விற்கும் கலர்ப் பொடி எதையும் வாங்காதீர்கள். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது, அதில் துணிச்சாயமான ரோடமின்-பி கலந்திருந்ததால்தான். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் (உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண்) போட்ட பாட்டில்தானா என்று பார்த்து வாங்க அரை நிமிடம் ஆகாது.

கண்கள் முந்தின இரவே

கண், காது, மோவாய் வில்லை இவற்றை விழாவுக்கு முந்தின இரவே, முடிந்தால் இரண்டு நாள் முன்பே, செய்து டப்பாவில் போட்டுவிட வேண்டும். டோனட் நனைந்த கையோடு கண் செய்ய உட்கார்ந்தால் எதுவும் ஒட்டாது.

கோன் சுற்றத் தெரியுமா என்று தயங்க வேண்டாம், மருதாணிக் கோன் சுற்றத் தெரிந்தால் போதும். பட்டர் பேப்பரை முக்கோணமாக வெட்டி அதே மாதிரி சுற்றி, உருகிய காம்பவுண்டை பாதிக்குமேல் நிரப்பாமல் மடித்து மூடி, நுனியை 1 மில்லிமீட்டர் கத்தரித்தால் மீசை போடலாம். 3 மில்லிமீட்டர் வெட்டினால் பொட்டு வைக்கலாம். வேலைக்கு நடுவே கோனின் நுனி அடைத்துக்கொள்ளும். உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தால் அரை நிமிடத்தில் இளகும். முழுக் கோனும் இறுகிவிட்டால், சுடுதண்ணீர் நிரப்பி நன்றாக மூடிய பாட்டிலின் மேல் துணியைச் சுற்றி அதன்மேல் சாய்த்து வையுங்கள். தண்ணீருக்குள் மட்டும் இறக்க வேண்டாம்.

தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, வெள்ளைக் கோனால் 8 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பொட்டுப் பொட்டாக வையுங்கள், ஒரு சட்டைப் பொத்தானைவிடச் சற்றே சின்னதாக. வைக்கும்போது கோனின் நுனியை அசைக்காமல் ஒரே இடத்தில் நிறுத்தி அழுத்தினால் வட்டம் தானாக விரியும், சுற்றிச் சுற்றி வரைந்தால் நத்தை மாதிரி மேடு விழும். பொட்டின் உச்சியில் வால் நீண்டால் தட்டை இரண்டு தட்டுத் தட்டுங்கள், அமர்ந்துவிடும். வெள்ளை இறுகியதும் டார்க் கோனால் 4 மில்லிமீட்டர் கருவிழி. அது இறுகியதும் பல்குத்தும் குச்சியின் நுனியால் வெள்ளை தொட்டு, கருவிழியின் மேல்பக்கம் ஒரு புள்ளி. இந்தக் கடைசிப் புள்ளி இல்லாத கண் செத்த மீன் கண். எல்லாக் கண்ணுக்கும் புள்ளி ஒரே பக்கம் விழ வேண்டும், இடப்பக்கம் என்றால் எல்லாமே இடப்பக்கம். இருபத்து நான்கு கண் தேவை, முப்பது செய்யுங்கள். எடுக்கும்போது ஆறு உடையும்.

பேப்பரிலிருந்து எடுக்கக் கத்தியை நுழைக்காதீர்கள். பேப்பரை மேசை விளிம்பில் வைத்துக் கீழ்நோக்கி இழுத்தால் கண்கள் ஒவ்வொன்றாகத் தானே கழன்று நிற்கும். மோவாய்க்கான 3 சென்டிமீட்டர் வில்லைகளும் இதே வழிதான். மாட்டுக்கு இளஞ்சிவப்பு, சிங்கத்துக்கு வெள்ளை. பாண்டாவின் காதுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் டார்க் வில்லைகள். சிங்கத்தின் காதுக்கும் அதே அளவுதான், மஞ்சளில். எல்லாம் காற்றுப் புகாத டப்பாவில், அலமாரியில் இருக்கட்டும். ஃபிரிட்ஜ் வேண்டாம்.

முக்குதல்

காது செருக வேண்டிய டோனட்டை முக்குவதற்கு முன்பே கீறிவிட வேண்டும். கடிகாரத்தில் பத்தும் இரண்டும் இருக்கும் இடத்தில், மேல் விளிம்பை ஒட்டி, ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சின்னக் கத்தியின் நுனி. பூச்சு இறுகியபின் கீறினால் காது இடத்திலிருந்து நெற்றிவரை விரிசல் ஓடும்.

டோனட் அறைச் சூட்டில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற டோனட்டை முக்கினால் பூச்சு நொடியில் இறுகிவிடும், பார்க்கத் திருப்தியாகவும் இருக்கும். அரை மணி கழித்து டோனட் சூடேறி உப்பும்போது மேலோடு வெடிக்கும். பக்கவாட்டில் விரல் நுனிகளால் பிடித்துத் தலைகீழாக இறக்கி, மூன்றில் ஒரு பங்கு உயரம் நனைந்ததும் கால் சுற்றுத் திருப்பி, நேராகத் தூக்குங்கள். சொட்டு நிற்கும்வரை மேலேயே பிடித்து, மணிக்கட்டை இரண்டு முறை குலுக்கிவிட்டுப் புரட்டுங்கள். அவசரமாகப் புரட்டினால் மிச்சக் குழம்பு ஓட்டைக்குள் வழிந்து அதைப் பாதி அடைத்துவிடும். காற்றுக் குமிழ் தெரிந்தால் குச்சியால் குத்தி விடுங்கள்.

இனி ஒட்டும் நேரம். நனைந்த பூச்சு முதலில் கண்ணாடி போல மின்னும். ஒன்றிரண்டு நிமிடத்தில் ஓரத்திலிருந்து மினுமினுப்பு மங்கிக்கொண்டு வரும். மங்கல் நடுவுக்கு வருவதற்குள் கண்ணை வைத்து லேசாக அழுத்த வேண்டும். மின்னும்போதே வைத்தால் வழுக்கும், மங்கி முடிந்தபின் வைத்தால் ஒட்டாது. அப்படித் தவறினால் பின்னால் ஒரு துளி உருகிய காம்பவுண்டைப் பசையாகத் தொட்டு வைக்கலாம், ஒன்றும் குடிமுழுகிவிடாது. ஆனாலும் நான்கு நான்காக முக்கி, நான்கையும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது. பன்னிரண்டையும் வரிசையாக முக்கிவிட்டால் கடைசி டோனட்டுக்கு வரும்போது முதல் டோனட் கல்.

கண் எங்கே? இதில்தான் முகம் பிழைப்பதும் சாவதும். ஓட்டையின் மேல் விளிம்பு இருக்கும் மட்டத்தில், ஓட்டைக்கு இரண்டு பக்கமும், நடுவுக்கு நடு 4 சென்டிமீட்டர் இடைவெளியில் வையுங்கள். பழக்கமில்லாத கை கண்ணை நெற்றியில், கிட்டக் கிட்டக் கொண்டுபோய் வைக்கும். வளர்ந்த ஆள் முகம், அதுவும் கோபக்கார முகம், வந்து நிற்கும். கண் தாழ்ந்தும் தள்ளியும் இருந்தால் நெற்றி பெரிதாகிக் குழந்தை முகம் வரும். பெரிய நெற்றி, தாழ்ந்த கண், உருண்டைக் கன்னம் ஆகியவை நம்மைக் கொஞ்சவைக்கின்றன என்று விலங்குநடத்தை அறிஞர் கொன்ராட் லோரன்ஸ் 1943-இல் எழுதினார். டோனட்டுக்கும் அது அப்படியே பலிக்கிறது.

மூன்று முகங்கள்

பாண்டா எளிது, ஆனால் கண்ணைச் சுற்றிய கறுப்புத் திட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. திட்டு வட்டமல்ல, முட்டை வடிவம். அது சாய்ந்திருக்க வேண்டும், வெளிமுனை கன்னத்தை நோக்கிக் கீழே இறங்கியபடி. வெளிமுனை மேலே ஏறினால் பாண்டா போய்ப் பேய் வந்துவிடும். திட்டு வைத்து அது மங்குவதற்குள் அதன்மேல் கண். ஓட்டைக்கு நேர் மேலே சின்னதாக டார்க் மூக்கு. ஓட்டை வாயாகி, ஆச்சரியப்பட்ட பாண்டாவாக நிற்கும். காதுகளைப் பத்துக்கும் இரண்டுக்கும் செருகினால் முடிந்தது.

சிங்கத்தின் பிடரிக்குக் கலரே தேவையில்லை. 50 கிராம் உலர் தேங்காய்த் துருவலை வெறும் வாணலியில் சிறுதீயில் பொன்னிறமாக வறுங்கள். நிறம் மாறத் தொடங்கினால் மளமளவென்று மாறும், ஒரு நிழல் முன்னாலேயே இறக்கித் தட்டில் கொட்டிவிடுங்கள். முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். மஞ்சள் பூச்சில் முக்கிய டோனட்டின் ஓரத்தை உடனே, மின்னும்போதே, துருவலில் சக்கரம் உருட்டுவதுபோல் ஒரு சுற்று உருட்டினால் பிடரி. உடைத்த தேங்காயைத் துருவிப் போடுவது வேண்டாம். அதில் ஈரம் இருக்கிறது, மாலைக்குள் புளித்தும்விடும். ஓட்டையை வெள்ளை வில்லையால் மூடி, அதில் டார்க் முக்கோண மூக்கு, அதிலிருந்து கீழே ஒரு கோடு. மீசைக்கு மயிர் வேண்டாம், மூக்குக்கு இரு பக்கமும் மூன்று மூன்று புள்ளி போதும். காதை முகத்தின் மேல் ஒட்டினால் போதும், பிடரிக்குள் பாதி புதைந்தால் இன்னும் அழகு.

மாடு என் கட்சி. வெள்ளைப் பூச்சு, ஒரு கண்ணை மட்டும் சுற்றி ஒழுங்கில்லாத டார்க் திட்டு, இன்னொன்று எதிர்க் கன்னத்தின் ஓரத்தில். இரண்டு கண்ணிலும் திட்டு வைத்தால் அது பாண்டாவின் உறவுக்காரனாகிவிடும். ஓட்டைமேல் இளஞ்சிவப்பு வில்லை, அதில் இரண்டு நாசித்துளை. கொம்புக்குப் பெரிய முந்திரியாகப் பார்த்து ஒரே வளைவுள்ள ஜோடிகளைப் பொறுக்குங்கள். கிலோ கணக்கில் வேண்டாம், 50 கிராமில் நாலு ஜோடி தேறும். பொடி முந்திரியைச் செருகினால் கொம்பு பாதி டோனட்டுக்குள் மறைந்து பல் மாதிரி தெரியும். செருகும் முனையை விட்டுவிட்டு மேல்பாதியை முந்தின இரவே மஞ்சளிலோ இளஞ்சிவப்பிலோ முக்கிக் காயவைத்தால் மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வர்ணம் பூசிய மாடு. வளைவு உள்பக்கம் பார்க்கச் செருகுங்கள். நெற்றியில் டார்க்கிலோ இளஞ்சிவப்பிலோ ஒரு பொட்டு வைத்துவிட்டால், இணையத்தில் கிடைக்கும் எந்த மாடல் படத்திலும் இல்லாத முகம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் முழு முந்திரியும் பாதாமும் வேண்டாம், தொண்டையில் சிக்கும். கொம்பைக் கோனால் பேப்பரில் பிறை வடிவமாகப் போட்டுச் செய்துகொள்ளுங்கள். காது நிற்கவில்லையென்று பல்குத்தும் குச்சியை உள்ளே குத்தி நிறுத்துவதும் கூடவே கூடாது. கடிக்கிற பிள்ளைக்கு அது தெரியாது. பருப்பு, பால், கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளை உண்டா என்று பெற்றோரை முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள். மார்ஷ்மெலோ, ஜெல்லி மிட்டாய் ஒட்ட நினைத்தால் சைவம் வேண்டுவோர் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா பாருங்கள், பலவற்றில் விலங்கிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கும்.

வியர்வை

முடித்தவற்றைப் பாதுகாப்பாக ஃபிரிட்ஜில் வைப்போம் என்ற எண்ணம்தான் கடைசி நேரத்தில் எல்லாவற்றையும் கெடுக்கும். கடலோர ஊரின் காற்றில் குளிர்ந்த பூச்சு வெளியே வந்ததும் வியர்க்கும். பனித்துளி சர்க்கரையைக் கரைத்துப் பிசுபிசுக்க வைக்கும், கலர் மிட்டாய் ஒட்டியிருந்தால் சாயம் ஓடி மாடு அழுதமாதிரி இருக்கும். பூச்சு இறுகுவதற்கு ஐந்து நிமிடம் வைத்து எடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். ஏ.சி. அறையில் 24 டிகிரி வைத்தால் ஃபிரிட்ஜே தேவையில்லை, கால் மணியில் தானே இறுகும். வேறு வழியில்லாமல் ஃபிரிட்ஜில் வைத்தே ஆக வேண்டுமென்றால் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வெளியே எடுத்தபின் முக்கால் மணி டப்பாவைத் திறக்காமல் விட்டால் வியர்வை டப்பாவின் மேல் விழும், முகத்தில் விழாது.

மாலை 5 மணி விழாவுக்கு 1 மணிக்கு முக்கத் தொடங்கினால் இரண்டரைக்குள் முடியும். கொண்டுபோவதாக இருந்தால் ஒரு கிலோ இனிப்புப் பெட்டியில், ஒவ்வொன்றுக்கும் அடியில் கேக் காகிதக் கிண்ணம் வைத்து, ஒன்றையொன்று உரசாமல் அடுக்குங்கள். காருக்குள் ஐந்து நிமிடம் வெயிலில் விட்டால்கூடக் கண் இறங்கும். மேசையில் வைப்பது பிள்ளைகளைக் கூப்பிடுவதற்குக் கால் மணி முன்னால் போதும்.

பிள்ளைகளே ஒட்டட்டும் என்று நினைத்தால் அதற்கும் வழி இருக்கிறது. பூசி இறுகிய டோனட்டுகளையும் கண், காது வில்லைகளையும் ஆளுக்கொரு தட்டில் கொடுத்து, பசைக்கு வெதுவெதுப்பான டார்க் கோன் ஒன்றை மட்டும் பெரியவர் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே பசை வேண்டும் என்று பிள்ளை காட்ட, நீங்கள் ஒரு துளி விடுங்கள். மூன்று கண் மாடு கட்டாயம் ஒன்று வரும். முப்பது கண் செய்யச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

டபராவில் மிஞ்சும் பூச்சில் டோனட் துகள் கலந்திருக்கும். வடிகட்டிப் பட்டர் பேப்பரில் ஊற்றி இறுகவைத்து, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்தால் ஆரஞ்சுச் சாயலுக்குப் போகும். அதோடு மிச்ச டார்க்கையும் போட்டு உருக்கினால் எல்லாம் பழுப்புக்குள் மறைந்துவிடும். இரண்டு கை கார்ன்ஃப்ளேக்ஸும் மீந்த வறுத்த தேங்காயும் கொட்டிப் புரட்டி, கரண்டி கரண்டியாகப் பேப்பரில் வைத்தால் இருபது நிமிடத்தில் மறுநாள் டிபன் பாக்ஸுக்கு மொறுமொறு கட்டிகள் தயார்.